கிரோன்ஸுக்கு விலை குறைந்த ஊசி: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

"பயோசிமிலர்னா காப்பி மருந்துதானே? கடன் வாங்கியாவது ஒரிஜினலையே போட்டுடலாமா?" கிரோன்ஸோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ என்ற நாள்பட்ட குடல் நோய் வந்தவர்களின் வீட்டிலிருந்து என்னிடம் பேசுபவர்கள், சுற்றி வளைத்துக் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். என் தம்பிக்குக் கிரோன்ஸ், அவனுக்கு ஏறுவது இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற ஊசியின் பயோசிமிலர், அதாவது ஒரிஜினலைப் பார்த்து இன்னொரு கம்பெனி மிக நெருக்கமாகச் செய்யும் விலை குறைந்த ஊசி என்று தெரிந்ததும் யார் யாரோ நம்பர் வாங்கிக் கூப்பிடுகிறார்கள். போனில் துண்டு துண்டாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை, நோயாளியின் அக்கா. யாருக்கு எந்த மருந்து என்பதை உங்கள் குடல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மேலே இருக்கும் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு, அதை அழுத்தமாகவே சொல்வேன்: கடன் வாங்கி ஒரிஜினலில் ஆரம்பித்து நாலாவது ஊசிக்குக் காசில்லாமல் நிற்பதைவிட, இருக்கிற வருமானத்தில் விடாமல் போட முடிகிற பயோசிமிலர் எவ்வளவோ மேல். சிக்கனத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, மருத்துவக் காரணமே இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். குடலில் புண் இல்லாமலே வயிற்றைப் படுத்துகிற ஐபிஎஸ் என்று சொல்கிறார்களே, அது வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கிப் புண்ணாக்குவது இந்த நோய். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உட்படலத்தோடு நின்றுகொள்ளும். கிரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும், குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும், அதனால்தான் அடைப்பு, சீழ்க்கட்டி, பௌத்திரம் என்று போகிறது. முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. நன்றாக அடக்கி வைத்தால் வேலை, கல்யாணம், குழந்தை என்று எல்லாரையும் போல இருக்கலாம்.

தம்பிக்குப் புண் இருந்தது சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில். நம்மூரில் அந்த இடத்தில் புண் என்றால் முதலில் குடல் டிபியாக இருக்குமோ என்றுதான் பார்ப்பார்கள். அது நியாயம்தான். ஸ்கேனிலும் கொலோனோஸ்கோபியிலும் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், பயாப்ஸியில் கிரானுலோமா என்ற, செல்கள் திரண்ட சின்னக் கட்டி இரண்டிலும் வரும், டிபியை விட்டுவிட்டுக் கிரோன்ஸ் மருந்து கொடுத்தால் ஆபத்து. அவனும் ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டான், புண் ஆறவில்லை, அப்புறம்தான் கிரோன்ஸ் என்று முடிவானது. ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சில நாளிலேயே பசி திரும்பியது, வலி நின்றது, வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. டோஸைக் குறைக்கக் குறைக்க வலி திரும்பி வந்தது. மறுபடி ஏற்றினால் அடங்கும், குறைத்தால் வரும். முகம் உப்பிவிட்டது, சர்க்கரை ஏறியது, ராத்திரி தூக்கம் போனது. எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் அசாதியோப்ரின் மாத்திரை சேர்த்தும் ஸ்டீராய்டை விட முடியவில்லை.

இந்த இடத்தில்தான் நம்மூரில் நிறையப் பேர் வருஷக்கணக்கில் மாட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரை பட்டை வாங்க ஐம்பது ரூபாய்கூட ஆகாது, மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டினாலே கொடுத்துவிடுவார்கள். அது சீறி வரும் நோயை அப்போதைக்கு அடக்கும், குடல் புண்ணை ஆற்றி அப்படியே வைத்திருக்காது. எலும்பு தேயும், கண்புரை வரும், கிருமித் தொற்று சுலபமாகப் பிடிக்கும். ஒரிஜினலா பயோசிமிலரா என்று விவாதிப்பவர்கள் இந்த மாத்திரையை மறந்துவிடுகிறார்கள். நடுத்தரக் குடும்பத்தில் பயோசிமிலர் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்த இடத்துக்கு ஒரிஜினல் வருவதில்லை, ஸ்டீராய்டுதான் வருகிறது. இல்லையென்றால் ஒன்றுமே இல்லாமல், அடைப்பு முற்றி ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன்.

இப்போது மருந்துக்கு வருவோம். நம் உடம்பில் டிஎன்எஃப் என்று ஒரு புரதம் இருக்கிறது, அழற்சியைக் கிளப்பிவிடுவதில் அதற்குப் பெரிய பங்கு. அதைக் குறி வைத்துப் பிடித்து முடக்குகிற, ஆன்டிபாடி என்ற வகைப் புரதம்தான் இன்ஃப்ளிக்ஸிமாப். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் யான் வில்செக், ஜுன்மிங் லே இருவரும் சென்டோகார் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. 1998-ல் அமெரிக்காவில் ரெமிகேட் என்ற பெயரில் முதல் அனுமதி கிடைத்தது கிரோன்ஸுக்குத்தான். அடுத்து 2002 கடைசியில் ஹியூமிரா வந்தது, அதாவது அடாலிமுமாப். இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றிலோ தொடையிலோ நாமே போட்டுக்கொள்ளலாம். ஆரம்பத்தில் மூட்டுவாதத்துக்கு மட்டும் இருந்தது, 2007-ல் கிரோன்ஸுக்கும் அனுமதித்தார்கள். இரண்டும் குடல் நோயாளிகளின் வாழ்க்கையையே மாற்றிய மருந்துகள், அதில் சந்தேகமே இல்லை. விலைதான் எட்டாத உயரத்தில் இருந்தது. 2022-ல் மட்டும் ஹியூமிரா உலகம் முழுக்க 2,100 கோடி டாலருக்கு மேல் விற்றது.

சரி, பயோசிமிலர் என்றால் என்ன, ஜெனரிக் மாத்திரையிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது? பாராசிட்டமால் மூலக்கூறின் எடை 151 டால்டன். அதை எந்தத் தொழிற்சாலையில் செய்தாலும் அணுவுக்கு அணு அதேதான். இன்ஃப்ளிக்ஸிமாபின் எடை ஒன்றரை லட்சம் டால்டனுக்குப் பக்கம். உயிருள்ள செல்களைத் தொட்டியில் வளர்த்து, அவை சுரக்கும் புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்து எடுக்கிறார்கள். புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும், அவை ஒரு முறைக்கு இன்னொரு முறை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதனால் இன்னொரு கம்பெனி இதை அச்சு அசலாகச் செய்ய முடியாது, மிக நெருக்கமாகத்தான் செய்ய முடியும். இதைக் கேட்டதும் பலருக்குப் பயம் வருகிறது. ஆனால் ரெமிகேடை எடுத்துக்கொள்ளுங்கள், அது சந்தைக்கு வந்த பிறகு அதன் தயாரிப்பு முறையை 30 தடவைக்கு மேல் மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பழைய மருந்துக்கும் புதிய மருந்துக்கும் வேலை செய்வதில் வித்தியாசம் இல்லை என்று பரிசோதித்துக் காட்டித்தான் விற்றார்கள். பயோசிமிலரைச் சோதிக்கும் முறையும் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

டாக்டர்களுக்கே ஆரம்பத்தில் தயக்கம் இருந்தது. தென்கொரியாவின் செல்ட்ரியான் தயாரித்த இன்ஃப்ளிக்ஸிமாப் பயோசிமிலரான சிடி-பி13, அதாவது ரெம்சிமா, 2013-ல் ஐரோப்பாவில் அனுமதி வாங்கியபோது அதன் பெரிய சோதனைகள் இரண்டும் மூட்டு நோய்களில் நடந்தவை: ஒன்று 606 மூட்டுவாத நோயாளிகளிடம், இன்னொன்று முதுகெலும்பு அழற்சி உள்ள 250 பேரிடம். குடல் நோயாளிகளிடம் அப்படி ஒன்று நடக்கவில்லை. மூட்டில் வேலை செய்தால் குடலிலும் செய்யும் என்று வைத்து அனுமதித்தார்கள். ஐரோப்பாவின் கிரோன்ஸ், கொலைட்டிஸ் நிபுணர் அமைப்பான எக்கோ அப்போது எச்சரிக்கையோடுதான் பேசியது. நாலைந்து வருஷம் கழித்து, ஆயிரக்கணக்கானவர்களின் அனுபவம் சேர்ந்த பிறகு, அதே அமைப்பு ஒரிஜினலிலிருந்து பயோசிமிலருக்கு மாறுவது ஏற்கத்தக்கது என்று நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. கம்பெனிகளின் விளம்பரத்தைவிட எனக்குத் தைரியம் கொடுத்தது இந்த மாற்றம்தான்.

நார்வேயில் அரசாங்கமே பணம் போட்டு நடத்திய நார்-ஸ்விட்ச் ஆய்வையும் சொல்லியாக வேண்டும். 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ரெமிகேடில் நிலையாக இருந்த 482 பேர், கிரோன்ஸும் கொலைட்டிஸும் சேர்த்து ஆறு நோய்கள். பாதிப் பேர் அதே மருந்தில் தொடர்ந்தார்கள், பாதிப் பேர் சிடி-பி13-க்கு மாறினார்கள், யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஒரு வருஷத்தில் நோய் மோசமானது ஒரிஜினலில் 26.2 சதவீதம் பேருக்கு, மாறியவர்களில் 29.6 சதவீதம் பேருக்கு. இவ்வளவு வரை வித்தியாசம் இருந்தால் மாறியது மோசமில்லை என்று முன்கூட்டியே வகுத்த வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் கிரோன்ஸ் உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஒரிஜினலில் 21.2 சதவீதம், மாறியவர்களில் 36.5 சதவீதம் என்று வருகிறது. இந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்துபவர்கள் உண்டு, மறைத்துவிட்டுப் பேசுபவர்களும் உண்டு. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அந்த ஆய்வில் ஆள் இல்லை, அது ஆய்வாளர்களே சொன்னதுதான். ஆனாலும் கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் சொல்லக் கிரோன்ஸ் நோயாளிகளிடமே ஒரு சோதனை வேண்டியிருந்தது. அது 2019-ல் லான்செட்டில் வந்தது: 220 கிரோன்ஸ் நோயாளிகள், ஆறாவது வாரத்தில் நோய் குறைந்தது சிடி-பி13-ல் 69.4 சதவீதம் பேருக்கு, ஒரிஜினலில் 74.3 சதவீதம் பேருக்கு. வகுத்த வரம்புக்குள்தான் இந்த வித்தியாசமும். 30-வது வாரத்தில் சிலரை மாற்றிப் போட்டு ஒரு வருஷம் வரை பார்த்தார்கள், மாறியதால் கெடுதல் எதுவும் தெரியவில்லை. நான் பயத்தை விட்டது இதைப் படித்த பிறகுதான்.

இனி விடாமல் போடுவதைப் பற்றிப் பேசலாம், இந்தப் பதிவுக்கே காரணம் அதுதான். இன்ஃப்ளிக்ஸிமாப் ஆரம்பிக்கும்போது முதல் நாள், இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், அதற்குப் பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை என்று கணக்கு. இந்த மருந்தே வெளியிலிருந்து வரும் புரதம் என்பதால் அதற்கு எதிராகவும் நம் உடம்பு ஆன்டிபாடி செய்யலாம். ஒழுங்காக எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஏறி, ரத்தத்தில் மருந்து எப்போதும் இருந்துகொண்டே இருந்தால் அந்த வாய்ப்பு குறைவு. விட்டு விட்டுப் போட்டால் அதிகம். பெல்ஜியத்தில் 125 கிரோன்ஸ் நோயாளிகளுக்குத் தேவைப்படும்போது மட்டும் இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்து 2003-ல் வெளியிட்டார்கள், 61 சதவீதம் பேரின் ரத்தத்தில் எதிர் ஆன்டிபாடி உருவாகியிருந்தது. அது அதிகமாக இருந்தவர்களுக்கு ஒரு ஊசியின் பலன் சராசரியாக 35 நாள்தான் நின்றது, குறைவாக இருந்தவர்களுக்கு 71 நாள். ஊசி ஏறும்போதே ஒவ்வாமை வருவதும் அவர்களுக்கு அதிகம்.

காசில்லாமல் ஒரு ஊசியைத் தள்ளிப் போடும் குடும்பத்துக்கு இதன் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நாலு மாதம் கழித்துப் பணம் புரட்டிக்கொண்டு வந்து போட்டால் மருந்து பழையபடி கேட்காமல் போகலாம். அப்படி உடம்பு ஒரு முறை எதிர்த்துவிட்டால், பயோசிமிலர் ஆகவில்லை, ஒரிஜினலுக்குப் போகலாம் என்பதும் உதவாது. ரெமிகேடுக்கு எதிரான ஆன்டிபாடி சிடி-பி13-ஐயும் அதேபோலப் பிடிக்கிறது, அதற்கும் ஆய்வு இருக்கிறது. ஆக, ஒரு மருந்தைத் தொடர்ந்து வாங்க முடியுமா என்பது அந்த மருந்து வேலை செய்யுமா என்பதில் வந்து முடிகிறது. தம்பியின் டாக்டர் முதல் ஊசிக்கு முன்னால் எங்களிடம் கேட்டதே இதைத்தான்: "ஒரு வருஷத்துக்குத் தொடர்ந்து போட முடியுமாம்மா? யோசிச்சுச் சொல்லுங்க. நடுவுல விடுறதா இருந்தா வேற வழி பார்ப்போம்." அவர் அன்றைக்கு வெளிப்படையாகப் பணத்தைப் பற்றிப் பேசியதற்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். எல்லா இடத்திலும் அப்படிக் கேட்பதில்லை. அதற்கு முன்னால் நாங்கள் பார்த்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று ஊசிக்கு எஸ்டிமேட் போட்டுக் கையில் கொடுத்தார்கள், நாலாவதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

வேற வழி என்று டாக்டர் சொன்னதும் சும்மா இல்லை. கடைசிச் சிறுகுடலில் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் நோய் இருந்தால், அந்தப் பகுதியை லேப்ராஸ்கோபியில் எடுத்துவிடுவது இன்ஃப்ளிக்ஸிமாபுக்கு நிகராக நிற்கிறது என்று 2017-ல் வந்த டச்சு ஆய்வு காட்டியிருக்கிறது. ஆபரேஷன் என்றால் தோற்றுப்போனது போல நினைக்க வேண்டியதில்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் நிறையப் பேருக்கு மெசலமைன் என்ற மருந்தே போதும். அதில் கடுமையாக உள்ளவர்களுக்கு இந்தியாவில் டோஃபாசிட்டினிப் ஜெனரிக் மாத்திரையாகவே கிடைக்கிறது, அதற்கென்று தனி எச்சரிக்கைகளும் உண்டு.

இந்தியக் கதைக்கு வருகிறேன், இதில் எனக்குப் பெருமையும் உண்டு, கொஞ்சம் கவலையும் உண்டு. உலகத்திலேயே முதல் அடாலிமுமாப் பயோசிமிலரை 2014 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது அகமதாபாத்தின் சைடஸ் காடிலா, எக்செம்டியா என்ற பெயரில். ஒரு ஊசி 200 டாலர், அப்போதைய கணக்கில் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அமெரிக்க விலையில் ஐந்தில் ஒரு பங்கு. ஐரோப்பாவில் அடாலிமுமாப் பயோசிமிலர்கள் 2018 அக்டோபரில்தான் வந்தன. அமெரிக்காவில் ஹியூமிராவைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகளைப் பின்னி வைத்திருந்ததால் 2023 ஜனவரி 31 வரை ஒன்றுகூடக் கடைக்கு வரவில்லை. வந்த பிறகும் அங்கே மருந்துக் கம்பெனிக்கும் இன்சூரன்ஸுக்கும் நடுவில் இருக்கும் இடைத்தரகு நிறுவனங்களின் தள்ளுபடிக் கணக்கில் சிக்கி, விலை குறைந்த மருந்து நோயாளியின் கைக்கு மெதுவாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆம்ஜெவிட்டா என்ற ஒரே அடாலிமுமாப் பயோசிமிலரையே இரண்டு விலையில் விற்றார்கள், ஹியூமிராவைவிட 5 சதவீதம் குறைவாக ஒன்று, 55 சதவீதம் குறைவாக இன்னொன்று. அப்படிப்பட்ட இடத்தோடு பார்த்தால் நம் நோயாளிகளுக்கு இந்த ஊசி எட்டு வருஷம் முன்பே கிடைத்திருக்கிறது. இன்ஃப்ளிக்ஸிமாபுக்கும் அதே 2014-ல் இந்தியாவில் இன்ஃபிமாப் என்ற பயோசிமிலர் வந்தது. இப்போது அடாலிமுமாப் ஏழெட்டுப் பெயர்களில் வருகிறது, போட்டியில் விலையும் இறங்கியிருக்கிறது.

கவலை எது என்றால், நம் நாட்டில் இவற்றை அனுமதிக்க நடந்த சோதனைகள் சிறியவை. எக்செம்டியாவின் சோதனை 120 மூட்டுவாத நோயாளிகளிடம் நடந்தது. மேலே சொன்ன 606-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தியாவில் பயோசிமிலருக்கான வழிகாட்டு விதிகளே 2012-ல்தான் வந்தன, 2016-ல் திருத்தினார்கள். விற்பனைக்கு வந்த பிறகு எத்தனை பேருக்குப் போட்டோம், என்ன ஆனது என்று கம்பெனிகள் சேர்த்துத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது, அந்த விவரம் நோயாளிகள் படிக்கிற மாதிரி வெளியே வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை நாமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் ஊசியின் பிராண்ட் பெயரையும் பேட்ச் நம்பரையும் அட்டையிலிருந்து போட்டோ எடுத்து வையுங்கள். இன்ஃப்ளிக்ஸிமாப் என்று மட்டும் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டை வைத்து நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம், கடைக்காரர் ஸ்டாக் இல்லை என்று ஒரு தடவை இது, ஒரு தடவை அது என்று மாற்றிக் கொடுக்க விடாதீர்கள். டாக்டர் சொல்லி, காரணத்தோடு, ஒரு முறை மாறுவது வேறு விஷயம்.

ஊசி போடும் அறையைப் பற்றிச் சொன்னால் புதிதாகப் போகிறவர்களுக்குப் பயம் குறையும். மருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெள்ளைத் தூளாக இருக்கும், ஒரு குப்பி 100 மில்லிகிராம். எங்கள் மதுரை ஆஸ்பத்திரியில் இதைக் கலக்குவது ஒரு சீனியர் சிஸ்டர், வேறு யாரையும் தொட விடமாட்டார். பத்து மில்லி ஸ்டெரைல் வாட்டரை ஊசியில் எடுத்து, தூள் மேலே விழாமல் குப்பியின் கண்ணாடிச் சுவரில் பட்டு வழிகிற மாதிரி மெதுவாக விடுவார். அப்புறம் இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து லேசாகச் சுழற்றுவாரே தவிரக் குலுக்கவே மாட்டார், குலுக்கினால் நுரைத்துவிடும், புரதம் கெட்டுவிடும். "அஞ்சு நிமிஷம் அப்படியே இருக்கட்டும்பா, அவசரப்படுத்தாதே" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வரிசையாக டிரேயில் நிறுத்தி வைப்பார். நுரை அடங்கித் தெளிந்ததும் 250 மில்லி சலைன் பாட்டிலில் சேர்த்து, ஃபில்டர் வைத்த டியூபில், குறைந்தது இரண்டு மணி நேரம் ஏற்றுவார்கள். நடுவில் பிபி, காய்ச்சல் பார்ப்பார்கள். மூச்சு முட்டினாலோ, உடம்பில் தடிப்பு வந்தாலோ, நெஞ்சு இறுகினாலோ உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள், சங்கடப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்புவார்கள்.

எத்தனை குப்பி என்பது உடல் எடைப்படி, கிலோவுக்கு 5 மில்லிகிராம். தம்பி ஆரம்பித்தபோது 46 கிலோ, 230 மில்லிகிராம், அதாவது மூன்று குப்பி. மருந்து கேட்க ஆரம்பித்து அவன் தேற ஆரம்பித்தான், அம்மா ஒவ்வொரு தடவையும் எடை மெஷின் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். 60 கிலோ வரை மூன்று குப்பி, அதைத் தாண்டினால் நாலாவதைத் திறக்க வேண்டும். பிள்ளைக்குச் சதை பிடிப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற அதே நேரத்தில் மனசுக்குள் குப்பிக் கணக்கும் ஓடுகிற நிலைமையில் எந்த அம்மாவும் நிற்கக் கூடாது. பயோசிமிலர் விலை இன்னும் இறங்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு இதுவே போதும்.

பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. டிபி. உடம்புக்குள் தூங்கும் டிபி கிருமியைச் சுற்றிச் சுவர் கட்டி அடைத்து வைப்பதில் டிஎன்எஃபுக்குப் பங்கு உண்டு, நாம் அதையே முடக்குகிறோம். இன்ஃப்ளிக்ஸிமாப் வந்த புதிதில் அதைப் போட்டவர்களுக்கு டிபி வந்த 70 பேரின் விவரம் 2001-ல் வெளியானது, அதன் பிறகுதான் ஊசிக்கு முன்னால் டிபி சோதனை கட்டாயம் என்றானது. இது ஒரிஜினலுக்கும் பயோசிமிலருக்கும் ஒன்றுதான். டிபி அதிகம் உள்ள நம் நாட்டில் மார்பு எக்ஸ்ரே அல்லது சிடி, டிபிக்குத் தோலில் போட்டுப் பார்க்கும் மான்டூ, டிபிக்கான இக்ரா ரத்தப் பரிசோதனை, கூடவே மஞ்சள் காமாலை பி, எச்ஐவி எல்லாம் பார்க்காமல் யாராவது முதல் ஊசிக்குத் தேதி கொடுத்தால் ஏன் பார்க்கவில்லை என்று கேளுங்கள். ஆரம்பத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும் பின்னால் விடாத இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது என்று வந்தால் காத்திருக்க வேண்டாம்.

அடாலிமுமாப் எடுப்பவர்களுக்கு: அது இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. மொத்த விற்பனைக் கடையிலிருந்து வாங்கி நாலு மணி நேரம் பஸ்ஸில் வருகிறவர்கள் தெர்மாகோல் பெட்டியும் ஜெல் பேக்கும் கேட்டு வாங்குங்கள், ஐஸ் நேராக ஊசியில் படாமல் துணி சுற்றி வையுங்கள். உறைந்துபோன மருந்தைப் போடக் கூடாது. வீட்டு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வேண்டாம், கதவிலும் வேண்டாம், நடுத்தட்டுதான் சரி.

பணம். எம்ஆர்பியைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள், இந்த ஊசிகளில் அட்டையில் போட்டிருப்பதற்கும் உண்மையில் வாங்குவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். ஆஸ்பத்திரி பார்மசி சொன்ன விலையோடு நிறுத்தாமல் இரண்டு மொத்தக் கடைகளில் விசாரியுங்கள், கம்பெனியின் நோயாளி உதவித் திட்டத்தில் இத்தனை வாங்கினால் இத்தனை இலவசம் என்று இருக்கும், டாக்டரின் கையெழுத்தோடு பதிய வேண்டும். வெளியில் வாங்கி வந்தால் போட மாட்டோம் என்று சில ஆஸ்பத்திரிகளில் சொல்வார்கள், முதல் நாளே கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால், இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் அடங்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடி வகை ஊசியை நவீன சிகிச்சைகளில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே சொல்லிவிட்டது. அதற்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள், பாலிசியில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். ஆஸ்பத்திரியில் டே-கேராக ஏறும் இன்ஃப்ளிக்ஸிமாபுக்குக் கிடைப்பது போல வீட்டில் நாமே போடும் அடாலிமுமாபுக்குக் கிடைப்பது சுலபமில்லை, எந்த மருந்து என்று முடிவெடுக்கும்போது இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதையெல்லாம் ஒவ்வொரு குடும்பமும் தனியாக அலைந்து தெரிந்துகொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. நார்வேயில் அரசு மொத்தமாக டெண்டர் போட்டு வாங்குகிறது, 2015-ல் ரெம்சிமாவை ஒரிஜினல் விலையில் 69 சதவீதம் தள்ளுபடியில் வாங்கினார்கள். நம்மிடம் அதைவிடப் பழைய ஏற்பாடு இருக்கிறது: 1994-ல் ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம், மருந்துகளை மொத்தமாக டெண்டரில் வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவதில் மற்ற மாநிலங்களுக்கே வழிகாட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அடாலிமுமாபையும் அதற்கு மாற்றாகத் தரமான பயோசிமிலர்களையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பல கம்பெனிகள் இங்கேயே தயாரிக்கின்றன. டெண்டர் போட இதைவிட நல்ல சந்தை வேண்டுமா? எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாவட்டத் தலைநகர் அரசு ஆஸ்பத்திரியிலேயே, காசில்லாமல், தவறாமல் இந்த ஊசி ஏற வேண்டும். குடல் டாக்டர்களின் சங்கங்களும் நோயாளிகளும் சேர்ந்து கேட்டால் நடக்கக் கூடிய காரியம்தான்.

அடுத்த ஊசித் தேதி நெருங்குகிறது, பணம் சேரவில்லை என்று இருப்பவர்களுக்கு ஒன்று. தேதி தாண்டிய பிறகு போய்த் தலைகுனிந்து நிற்காமல், இரண்டு வாரம் முன்பே டாக்டருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிடுங்கள். விலை குறைந்த இன்னொரு பிராண்டுக்கு முறையாக மாற்றலாமா, உதவித் திட்டத்தில் ஒரு குப்பி கிடைக்குமா, அசாதியோப்ரினை நிறுத்தாமல் தொடரலாமா என்று அவர் பார்ப்பதற்கு அந்த இரண்டு வாரம் வேண்டும். ரொம்ப நாள் விட்டுப் போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், இடைவெளிக்குப் பிறகு ஏற்றும்போது ஒவ்வாமை வரும் ஆபத்து அதிகம் என்பதால் அவர்கள் தயாராக இருந்து போட வேண்டும்.